கட்டாத அரங்கின் நாற்பத்தேழாம் கதிரை

1

போன கிழமை எங்கள் அடிக்கல்லுக்கு ஒன்பது வயது நிறைந்தது. தம்பி அன்ரன் படங்கள் அனுப்பியிருந்தான். கல்லைக் கழுவி, சுற்றிவரக் கூட்டி, பக்கத்தில் மேசை போட்டு, வெள்ளை ஐசிங் பூசிய கேக் ஒன்றை வைத்திருந்தார்கள். ஒன்பது மெழுகுதிரியும் கடற்காற்றுக்கு ஒரு நொடிகூட நின்று எரியவில்லையாம். எரிந்ததாக நினைத்து ஊதி அணைத்து, பிறந்தநாள் பாட்டும் பாடி, முதல் துண்டை வெட்டிக் கல்லின் தலையில் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு ஆடு வந்து தின்றது. அந்த வீடியோவை மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்து பார்த்து நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து மேசைப் பெண் கையிலிருந்த பாண் துண்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு விளங்கப்படுத்தினேன். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதிய மைதானமும் பார்வையாளர் அரங்கும் கட்டித் தருவதாக ஒன்பது வருடத்துக்கு முன்னர் கல் நாட்டினார்கள், இன்னும் கட்டவில்லை, ஆகவே கல்லுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, யாரிடம் முறைப்பாடு செய்தீர்கள் என்று கேட்டாள். நோர்வேக்காரருக்கு இந்த நம்பிக்கை தாய்ப்பாலோடு வருகிறது. முறைப்பாடு எழுதினால் யாரோ ஒருவர் அதை வாசிப்பார் என்று நினைக்கிறார்கள்.

நாங்கள் எழுதாத முறைப்பாடா? ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெட்டியின் கதை இல்லை. கதிரைகளின் கதை.

2

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்புநீர்க் களப்புமாகக் கிடக்கிறது. கத்தோலிக்கக் கோயிலுக்கும் மீன் வாடிக் கொட்டில்களுக்கும் நடுவில் உள்ள மணல் வெளிதான் எங்கள் மைதானம். கழகத்தின் பெயர் வெண்சங்கு. மூன்று தலைமுறையாக அங்கே பந்து உருளுகிறது. கோல் கம்பங்களுக்கு வலை பின்னுவது வலைக்காரரே என்பதால், எங்கள் வலையில் பந்து மட்டுமில்லை, ஒரு நெத்தலிகூடத் தப்பாது.

பெண்கள் பந்து பார்க்கக்கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. சொல்ல நினைத்தவர்களும் மதலேனாக்காவின் முன்னால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். கருவாடு விற்கும் மதலேனாக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவா ஒரு சத்தம் போட்டால் எல்லைக் கோட்டில் நிற்கும் நடுவர் கொடியை இறக்கிவிடுவார். நான் சின்னப் பெட்டையாக அவாவின் பக்கத்தில் நின்றுதான் கத்தப் பழகினேன்.

கல் நாட்டிய அன்று அரங்கின் வரைபடம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எட்டு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் இருக்கைகள், ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு இலக்கம். ஒரு வருடம் போனது. இரண்டு போனது. மூன்றாம் வருடம் மதலேனாக்கா தன் வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, வரைபடத்தில் முதல் வரிசை எங்கே வருகிறதோ அங்கே வெறும் மணலில் போட்டுவிட்டு இருந்தா. கட்டிடம் வரும்போது வரட்டும், நான் என்ர இடத்தைப் பிடிச்சிட்டன் என்றாவாம்.

அடுத்த ஞாயிறு நாற்பது கதிரைகள் வந்தன. முன்வரிசைக்குச் சண்டையும் வந்தது. கழகச் செயலாளர் என்ற முறையில் அன்ரன் சீட்டுக் குலுக்கினான். குடும்பத்துக்கு ஒரு சீட்டு, அந்தக் குடும்பத்தாருக்கு அடுத்தடுத்த இலக்கங்கள். வள்ளங்களுக்குப் பூசிய நீலப் பெயின்றின் மிச்சத்தால் கதிரைகளின் முதுகில் இலக்கம் எழுதினார்கள். எழுதியவர் வள்ளத்துக்கு இலக்கம் எழுதுகிறவர் என்பதால், தூரத்தில் இருந்து பார்த்தால் சின்னச் சின்ன வள்ளங்களைக் கரையில் ஏற்றி விட்டமாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு நாற்பத்தாறில் இருந்து நாற்பத்தெட்டு வரை விழுந்தது. நாற்பத்தெட்டு அன்ரனுக்கு. நாற்பத்தேழு எனக்கு. நாற்பத்தாறு அண்ணன் இம்மானுவேலுக்கு.

அண்ணன் வெண்சங்கின் கோல் காப்பாளராக இருந்தவர். யுத்தத்தின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தடியில் எங்களோடு வரிசையில் நின்றவரைப் படையினர் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். பதியச் சொன்ன இடமெல்லாம் அம்மா அவருடைய பெயரைப் பதிந்து, பதிவுத் துண்டுகளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டே என்றைக்குமாகக் கண்ணை மூடினார். அன்ரன் அண்ணனுடைய பெயரையும் பட்டியலில் எழுதியபோது கழகத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்கு இல்லை. யுத்தம் முடிந்ததும் எங்களை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில், தண்ணீர் வரிசையில் ஆளுக்குப் பதிலாக வாளி நிற்கும். வாளியை வைத்துவிட்டு, முகாமின் மறுமூலையில் பொலித்தீன் பைகளைச் சுருட்டிக் கட்டிய பந்தால் வெண்சங்கு விளையாடுவதைப் பார்க்கப் போவோம். திரும்பி வரும்போது வாளி வைத்த இடத்திலேயே இருக்கும். அவ்வளவு தாகத்திலும் ஒருவர் மற்றவருடைய வாளியைத் தள்ளி வைத்ததை நான் கண்டதில்லை. வாளி நின்றால் ஆள் நின்றதுதான். அதே சட்டம்தான் கதிரைக்கும்.

3

நான் இருக்கும் ஊர் நோர்வேயின் வடக்கில். கடற்கரையில் பிறந்தவள் கடற்கரைக்கே வந்து சேர்ந்தேன், குளிர் மட்டும்தான் புதிது. சால்மன் மீனை இயந்திரம் கீறித் தள்ள, மிச்சம் இருக்கும் முள்ளை நான் பிடுங்குகிறேன். ஒரு மாதத்தில் நான் தொடும் மீனை எங்கள் ஊர் முழுவதும் சேர்ந்தாலும் ஒரு வருடத்தில் தொடாது. ஆனால் ஒன்றின் கண்ணையும் நான் பார்த்ததில்லை. தலை வெட்டியே வரும்.

இந்த ஊரிலும் ஒரு கழகம் இருக்கிறது. அதுவும் புதிய மைதானத்துக்காகக் காத்திருந்தது. மகள் அனித்தா அதன் பெண்கள் அணியில் விளையாடுவதால் நகரசபைக் கூட்டங்களுக்கெல்லாம் போனேன். முதலில் வரைபடம். பிறகு அயலவர்களின் கருத்து. பிறகு, அந்த நிலத்தில் ஒரு பறவை முட்டையிடுகிறது என்று ஒருவர் எழுந்து சொன்னார். பறவை குஞ்சு பொரித்துப் பறந்து போகும்வரை ஒரு கோடைகாலம் முழுவதும் வேலையை நிறுத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அந்தப் பறவைக்கு ஒரு விண்ணப்பப் படிவமும் நிரப்பத் தெரியாது. ஆனாலும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்க ஒரு ஆள் இருந்தது.

பிறகு ஒரு திகதி சொன்னார்கள். சொன்ன திகதிக்கு மைதானம் திறந்தது. பச்சைப் புல், கூரை போட்ட அரங்கு, சூடாக்கிய இருக்கைகள். அனித்தாவின் பெற்றோர் என்று எனக்கும் ஒரு இருக்கை தந்தார்கள். அதில் இருந்தவுடன் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மகள் விளையாடுவதால் அம்மாவுக்குச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். எனக்கு வந்தது கோபம். இவ்வளவு சுலபமா இது? காகிதத்தில் போட்டால் நிலத்தில் வருமா? அப்படியென்றால் எங்களுக்கு மட்டும் ஏன் கல் கல்லாகவே நிற்கிறது?

வீட்டுக்கு வரும் வழியில் அனித்தாவிடம் எங்கள் கதிரைகளைப் பற்றிச் சொன்னேன். அவள் தமிழில் தொடங்கி, பாதியில் வார்த்தை முடிந்து, நோர்வே மொழிக்கு மாறினாள். மைதானமும் இல்லை, அரங்கும் இல்லை, நீங்களும் அங்கே இல்லை, பிறகு உங்களுக்கு எதற்கு அம்மா இலக்கம் என்று கேட்டாள். பதினேழு வயது. குத்த வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் குத்தியது. 

4

பிரச்சினை ஒரு கடிதமாக வந்தது. காணிகளைப் பொறுப்பெடுக்கும் ஒரு திணைக்களம், அதன் பெயர் வேண்டாம், எங்கள் மைதானத்தைப் பார்வையிட்டதாகவும், அது 'பாவனையற்ற, பற்றை மூடிய நிலம்' எனக் கண்டறியப்பட்டதாகவும், ஆகவே அதைத் தாம் பொறுப்பேற்கப் போவதாகவும் எழுதியிருந்தது. கூடவே ஒரு படம். படத்தில் மைதானம் முழுவதும் அடம்பன் கொடி படர்ந்திருந்தது. கோல் கம்பத்தில் யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள். நடுவட்டத்தில் இரண்டு மாடு படுத்திருந்தது.

படம் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவர்கள் வந்தது தவக்காலத்தில்.

எங்கள் ஊரில் விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை பந்து உருளாது. சில ஊர்களில் இறைச்சியை விடுவார்கள், சிலர் சாராயத்தை விடுவார்கள். நாங்கள் பந்தை விடுகிறோம். நாற்பது நாளும் பந்துகள் கோயில் அறையில் பூட்டிக் கிடக்கும். கதிரைகள் வீட்டுக்குப் போய்விடும். மைதானத்தில் செருப்புக்கூடப் போட்டு நடக்க மாட்டோம். முந்தின மழையில் முளைத்த கொடி அந்த நாற்பது நாளில் ஓடிப் படரும். உயிர்த்த ஞாயிறு பின்னேரம் ஊரே சேர்ந்து அதைப் பிடுங்கித்தான் முதல் ஆட்டம் தொடங்கும். எங்கள் பக்தியைப் படம் பிடித்து எங்களுக்கு எதிராகவே அனுப்பியிருந்தார்கள்.

கழகம் மறுப்புக் கடிதம் எழுதியது. பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அடுத்து வரும் இரண்டு மாதத்துக்குள், முன்னறிவித்தல் இல்லாமல், ஏதாவது ஒரு வேலைநாளில் மீண்டும் பார்வையிடுவார்கள். அன்று மைதானம் வெறுமையாகக் கிடந்தால் எல்லைக்கல் போடுவார்கள். அன்ரன் நாட்காட்டியைப் பார்த்தான். இரண்டு மாதத்தில் பெரும்பகுதி மறுபடியும் தவக்காலம்.

5

கழகக் கூட்டத்தை அன்ரன் எனக்குப் போனில் கேட்க விட்டான். இளம் ஆட்கள், இந்த ஒரு வருடம் மட்டும் விளையாடுவோம், கடவுள் கோவிக்க மாட்டார் என்றார்கள்.  தர்மபுரத்து இராசு அண்ணை எழுந்தார். மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. மரக்கறி விற்க வந்த இடத்தில் ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து வெண்சங்கின் ஆளாகிவிட்டார். சைவ சமயக்காரர், இலக்கம் நூற்றிரண்டு. தங்கள் பக்கத்துப் பெடியங்களுக்குத் தவக்காலம் இல்லையே, அவர்கள் தினமும் வந்து விளையாடட்டும் என்றார். நல்ல யோசனை. எனக்கே அது சரியென்று பட்டது.

மதலேனாக்காவுக்குப் படவில்லை.

"இராசு, உன்ர மனசுக்கு நன்றி. ஆனா தவக்காலம் இருக்கிறது நாங்கள் மட்டுமில்ல, அந்தத் தரையும்தான்" என்றா. "எங்களை மாத்தி எழுதினவைக்காக நாங்கள் மாறினா, பிறகு காணியைக் காப்பாத்தி என்ன?"

அன்ரன் பொறுமை இழந்து, அப்போ என்ன செய்யச் சொல்லுறியள் என்று கேட்டான்.

"பந்து உருளக்கூடாது எண்டுதான் நேர்த்தி. கதிரையில இருக்கக்கூடாது எண்டு ஆர் சொன்னது? நாங்கள் விளையாடுற ஆக்களில்லை. பாக்கிற ஆக்கள். பாப்பம்."

 யாரோ சிரிக்கத் தொடங்க, எல்லோரும் சிரித்தார்கள். நோர்வேயில் குசினியில் நின்ற நானும் சிரித்தேன்.

6

விபூதிப் புதன் பூசை முடிய, நெற்றியில் சாம்பலோடு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டு வரிசை. வரைபடத்தில் உள்ளபடி, இலக்கம் பிசகாமல். வேலைநாள் ஒவ்வொன்றும் காலையில் பெண்கள் கூட்டம், மத்தியானத்துக்குப் பிறகு கரைவலை இழுத்துவிட்டு வந்த ஆண்கள் கூட்டம், நாலு மணிக்கு எல்லோரும். சிலர் செபமாலை சொன்னார்கள். சிலர் கிழிந்த வலை பொத்தினார்கள். மதலேனாக்கா கண்ணை எடுக்காமல் வெறும் மைதானத்தைப் பார்த்தா. மாடுகள் பயந்து வேறு இடம் பார்த்துக்கொண்டன.

தர்மபுரத்தில் இருந்து இராசு அண்ணை மோட்டார் சைக்கிளில் கிழமைக்கு இரண்டு தரம் வந்தார். வற்றாப்பளை அணி எங்கள் பரம வைரி. அதன் ஆதரவாளர்களே ஒரு நாள் கதிரைகளோடு வந்து, எதிரணிப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்களாம். காணி போய்விட்டால் பிறகு நாங்கள் எங்கே வந்து உங்களைத் தோற்கடிப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

என் கதிரையில் அன்ரன் தினமும் தன் போனை நிறுத்தி வைப்பான். அங்கே நாலு மணி என்றால் இங்கே எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். முள்ளுப் பிடுங்கிய கையைக் கழுவிவிட்டு, சாப்பாட்டு அறையின் மூலையில் இருந்து, அரைமணி நேரம் வெறும் மணலைப் பார்ப்பேன். வெளியே யன்னலில் பனி. உள்ளே என் உள்ளங்கையில் முல்லைத்தீவு வெயில். பக்கத்து மேசைப் பெண் இரண்டாம் நாள் எட்டிப் பார்த்து, யார் வெல்லுகிறார்கள் என்று கேட்டாள். இன்னும் தொடங்கவில்லை என்றேன்.

நாலாம் கிழமை, ஒரு வியாழக்கிழமை. பாடசாலை விடுமுறை என்று அனித்தா தொழிற்சாலைக்கு என்னைப் பார்க்க வந்து, பக்கத்தில் இருந்து தன் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். என் போனில் கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. ஜீப் ஒன்று வந்து நிற்கும் சத்தம். பிறகு ஒரு ஆண்குரல், தமிழ்தான், வேறு மாவட்டத்து இழுவை. இங்கே என்ன கூட்டம் என்று கேட்டது. கூட்டம் இல்லை ஐயா, ஆட்டம் பார்க்கிறோம் என்று அன்ரன் சொன்னான். எந்த ஆட்டம் என்று உத்தியோகத்தர் கேட்டார். உயிர்த்த ஞாயிறன்று நடக்கப் போகிற ஆட்டம் என்றான் அன்ரன். நல்ல இடம் பிடிக்க வேண்டுமென்றால் நேரத்துக்கு வர வேண்டும்தானே என்றும் சொன்னான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய சப்பாத்துச் சத்தம் வரிசை வரிசையாக நடந்தது. இலக்கங்களை வாசித்தார். வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். வெயில் அவருக்கும் வெயில்தானே, களைத்துப் போனார். ஒரு கதிரை தேடினார். அப்போது என் போனில் வானம் மறைந்து, ஒரு காற்சட்டையின் பின்பக்கம் என்னை நோக்கி இறங்கி வந்தது.

"ஐயா, ஆள் இருக்கு" என்று மதலேனாக்கா கத்தினா. நடுவரின் கொடியை இறக்க வைக்கும் அதே சத்தம்.

அவர் துள்ளி எழும்பி, திரும்பி, போனை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். நீல வலைத்தொப்பியும் வெள்ளை மேலங்கியுமாக நான். யாரம்மா நீங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். நோர்வே என்று சொல்ல வாயெடுத்தேன். என் பக்கத்தில் அனித்தா குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"என்ர இடத்திலதான் இருக்கிறன், ஐயா. நாற்பத்தேழு" என்றேன்.

அவர் என்னைப் பக்குவமாகத் திரும்பக் கதிரையில் வைத்தார். அடுத்த கதிரையைப் பார்த்தார். அதில் போனும் இல்லை, ஒன்றும் இல்லை. கையால் மணலைத் தட்டிவிட்டு இருக்கப் போனவரை மதலேனாக்கா மறுபடி நிறுத்தினா. இந்த முறை கத்தவில்லை.

"அதுவும் ஆள் இருக்கிற கதிரைதான்."

"அவரும் வெளிநாடோ?"

"தெரியாது ஐயா. இம்மானுவேல் எண்டு பேர். விசாரிச்சிட்டு அனுப்புறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவை. அவர் எங்கையெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

 அந்த மனிதருக்கு அப்போது இருபத்தெட்டு, முப்பது வயதுதான் இருக்கும். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன நாளில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இரக்கமும் வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. யாரோ தங்கள் கதிரையை எழும்பிக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மிச்ச நேரம் முழுவதும், வெயிலில், நின்றுகொண்டே எழுதினார்.

 அனித்தா என் மேலங்கியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இலக்கம் எதற்கு என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாமாவின் பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டாள். ஒரு சாப்பாட்டு நாப்கினில் தமிழில் எழுதிக் காட்டினேன்.

7

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. 'பொதுமக்களின் தொடர்ச்சியான பாவனையில் உள்ளது' என்று ஒரு வரி. அன்ரன் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். காணி இப்போதைக்கு எங்களுடையது. இப்போதைக்கு என்பதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். அதனால் இந்த வருடத் தவக்காலத்திலும் கதிரைகள் போட்டார்கள்.

அரங்கு இன்னும் வரவில்லை. கல் இருக்கிறது, கேக் தின்ற ஆடும் இருக்கிறது. அடுத்த வருடம் கல்லுக்குப் பத்து வயது. அனித்தாவும் நானும் பயணச்சீட்டுப் போட்டுவிட்டோம். போனை எடுத்து அன்ரனிடம் கொடுத்துவிட்டு, நாற்பத்தேழில் நானே இருக்கப் போகிறேன். அனித்தா நாற்பத்தாறுக்குப் பின்னால் நிற்பாளாம். இருக்கமாட்டாளாம். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அரங்கு கட்டுகிறவர்கள் என்றைக்காவது வருவார்கள். வந்தால் கதிரைகளைக் கொஞ்சம் ஒதுக்குங்கள், வேலை செய்ய வேண்டும் என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று கழகம் இப்போதே தீர்மானம் எழுதி வைத்திருக்கிறது. கதிரைகளைச் சுற்றிக் கட்டுங்கோ. நாங்கள் எழும்பமாட்டம்.